அரை மில்லிமீட்டர் பளபளப்பு

ஏழெட்டு வருடம் வெயிலில் கிடந்த பைபர் படகின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் வழிந்த இடம் மட்டும் புதுப் படகாகிவிடும். சாம்பல் பூத்துக் கிடந்த நீலம் ஆழ்ந்த நீலமாகத் துலங்கும். தண்ணீர் காய்ந்ததும் பழைய மங்கல் திரும்பிவிடும். அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். நிறம் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பதற்குத் தண்ணீர் சாட்சி. அதை மறைத்துக்கொண்டிருப்பது எது என்பதற்குப் பொடி சாட்சி. மங்கிய படகைத் திரும்பவும் மின்ன வைக்க நினைப்பவர், முதலில் இந்த இரண்டு சாட்சிகளையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பெங்களூரு தொம்மலூரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவது விநோதமாகப் படலாம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தொம்மலூர் மேம்பாலத்திலிருந்து வடமேற்கே கொஞ்சதூரம் போனால் அல்சூர் ஏரி வந்துவிடும். பொதுமக்கள் சவாரி போகும் படகுகளும் அங்கே உண்டு. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் திரிஷ்ணா செய்லிங் கிளப்பைச் சேர்ந்த சின்னச் சின்னப் பாய்மரப் படகுகளும் உண்டு. 1985 முதல் 1987 வரை ராணுவப் பொறியாளர்கள் உலகைச் சுற்றிவந்த பாய்மரப் படகுக்கும் திரிஷ்ணா என்றுதான் பெயர். அதற்கு எதிர்த்திசையில், பழைய விமான நிலையச் சாலையோடு கோடிஹள்ளிப் பக்கம் போனால் தேசிய வானூர்தி ஆய்வகம். இழையும் ரெசினும் சேர்ந்த கலப்புப் பொருளாலேயே உடல் முழுவதையும் செய்த ஹன்சா என்ற இருவர் விமானத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். 1993இல் அது முதன்முதலாகப் பறந்தது. ஏரியில் மிதப்பதும் வானத்தில் பறப்பதும் ஒரே பொருள் குடும்பம்.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். தொம்மலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போதாததற்கு நாம் இருப்பது 13 பாகை அட்சரேகையில். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு நேரே வந்து நிற்கும்; நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. பெங்களூரு குளுகுளு ஊர் என்கிறோம். தோலுக்குத்தான் அந்தக் குளிர்ச்சி. பிளாஸ்டிக்குக்கு இது கடுமையான ஊர்.

புற ஊதாக் கதிர் அப்படி என்ன செய்துவிடுகிறது? ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் ஒரு பொட்டலத்தில் 2.25 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். இரண்டு கார்பன் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டை அறுக்க ஏறத்தாழ 3.6 வேண்டும். ஆகவே பச்சை ஒளி எத்தனை நாள் விழுந்தாலும் அந்தக் கட்டு அறுபடாது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாவின் பொட்டலத்திலோ 4.1 இருக்கிறது. ஒரே அடியில் அறுத்துவிடும். அறுபட்ட முனையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். பிறகு பக்கத்துக் கட்டும் தளரும். இரவில் பனி, மழையில் ஈரம், தண்ணீரில் ஊறல் என்று நீர் வேறு தன் பங்குக்கு ரெசினிலுள்ள எஸ்டர் பிணைப்புகளைப் பிரிக்கும்.

சூரியன் இப்படி அறுப்பது படகின் மேல்தோலை. படகுக்காரர்கள் அதை ஜெல்கோட் என்பார்கள். ஒரு பைபர் படகு பிறக்கும் விதத்தைப் பார்த்தால்தான் இந்தத் தோலின் அருமை தெரியும். வீடு கட்டினால் கடைசியில்தான் வண்ணம் பூசுகிறோம். பைபர் படகில் வண்ணம்தான் முதலில். கண்ணாடிபோல் தேய்த்து மெருகேற்றிய ஒரு பெரிய அச்சை எடுத்து, படகு பிறகு கழன்று வரவேண்டும் என்பதற்காக அதன் உட்புறத்தில் பலமுறை மெழுகு பூசுவார்கள். அதன்மேல் நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசினைத் தெளிப்பார்கள். இதுதான் ஜெல்கோட், கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அது இறுகத் தொடங்கியதும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினை உருளையால் ஊற ஊறத் தேய்த்து, அடுக்குமேல் அடுக்காக உள்பக்கம் நோக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாம் இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அந்தக் கணத்தில் படகுக்கு இருக்கும் மினுமினுப்பு அச்சின் மினுமினுப்பு. அச்சின் ஒவ்வொரு நானோமீட்டர் வழுவழுப்பையும் ரெசின் அப்படியே பிரதி எடுத்திருக்கிறது. யாரும் அதைத் தேய்த்து வரவழைக்கவில்லை.

ஆகவே புதுப் படகின் பளபளப்பு பிறவியில் வந்தது. பிற்காலத்தில் நாம் தேய்த்து வரவழைப்பது அதற்கு ஈடாக, கையால் செய்கிற வேறொன்று.

ஜெல்கோட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு. நாம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் அதேதான். அதன் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். ஒளியைச் சிதறடிப்பதற்கு ஏற்ற அளவு. இந்தத் துகளின் குணம் இரண்டுங்கெட்டான். புற ஊதாவைத் தானே விழுங்கி அடியிலுள்ள ரெசினைக் காப்பாற்றும். விழுங்கிய ஆற்றலைக் கொண்டு, ஈரமும் காற்றும் கிடைத்தால், தன்னைச் சுற்றியிருக்கும் ரெசினைத் தானே அரிக்கவும் செய்யும். இதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் துகள்களின் மேல் சிலிக்கா, அலுமினா உறை போடுகிறார்கள். உறை இருந்தும் வருடங்கள் ஆக ஆக மேற்பரப்பில் ரெசின் கரைந்து போகும். துகள்கள் பிடிமானம் இல்லாமல் நிற்கும். உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளைப் பொடி அதுதான். உப்பும் தூசியும் கழுவினால் போய்விடும். இது படகின் சொந்தத் தோல்; கழுவக் கழுவ வந்துகொண்டேயிருக்கும்.

சரி, தண்ணீர் பட்டதும் நீலம் திரும்பியது எப்படி? ஒரு பரப்பு மின்னுகிறது என்றால், அதன்மேல் விழுகிற ஒளியில் ஒரு சிறு பங்கை, ரெசினாக இருந்தால் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை, ஒரே ஒழுங்கில் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். மீதி உள்ளே போய், நிறமியைத் தொட்டு, நிறமாக வெளியே வருகிறது. பரப்பு குண்டும் குழியுமாகிவிட்டால் அந்த 4 சதவீதம் ஒழுங்கு கெட்டு எல்லாத் திசையிலும் சிதறும். சிதறுவது நிறமற்ற வெள்ளை ஒளி. நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நீலத்தோடு அந்த வெள்ளையும் கலந்து கண்ணுக்கு வரும். நிறம் வெளுத்துவிட்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்தக் கலப்படம். தண்ணீர் குழிகளை நிரப்பி மேலே சமமான ஒரு பரப்பைப் போட்டுக் கொடுக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.33, ரெசினுடையது 1.5ஐ ஒட்டியது. இரண்டும் நெருங்கியிருப்பதால் குழிகளின் விளிம்பில் ஒளி முன்போல் சிதறுவதில்லை. ஈர மணல் கறுத்துத் தெரிவதற்கும் இதோடு உறவு உண்டு.

குழி எவ்வளவு சிறியதாக இருந்தால் பரப்பு மின்னும் என்பதற்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. நேராகப் பார்க்கும்போது, மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். பச்சை ஒளிக்கு அது சுமார் 70 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையைச் சாய்க்கச் சாய்க்க இந்த வரம்பு தளர்கிறது. பரப்பை உரசுவதுபோல் 80 பாகை சாய்வில் பார்த்தால் 400 நானோமீட்டர் வரைக்கும் மன்னிப்பு உண்டு. மங்கிய படகின் முனையில் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தால் அது மின்னுவது இதனால்தான். மெருகை அளக்கும் கருவிகள் 20, 60, 85 பாகை என்று மூன்று கோணங்களில் அளப்பதற்கும் காரணம் இதுவே. தேய்த்து முடித்த வேலையைச் சாய்வாக மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். எதிரே நின்று, ஒரு குழல்விளக்கின் பிம்பம் அதில் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது தேய்ப்பதற்கு வருவோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாசியையும் பழைய மெழுகையும் நீக்கிவிட வேண்டும். லேசான மங்கலாக இருந்தால் ரப்பிங் காம்பவுண்ட் மட்டுமே போதும். பொடி கனமாக வந்தால் வாட்டர் பேப்பர். 800ஆம் எண் தாளின் துகள் சராசரியாக 22 மைக்ரோமீட்டர், 1000 என்றால் 18, 1500 என்றால் 12 அல்லது 13, 2000 என்றால் 10. எண் கூடக் கூடத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். அடுத்த தாளுக்கு வேலை ஒன்றே ஒன்று: முந்தைய தாள் போட்ட கீறலை முழுதாக எடுப்பது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு தாளைக் குறுக்காகவும் அடுத்ததை நெடுக்காகவும் ஓட்டுவார்கள். குறுக்குக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்றால்தான் அடுத்த எண். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் மெருகேறி முடிந்த பிறகு, வெயிலில் வைத்துப் பார்க்கும்போது, பழைய கீறல்கள் எல்லாம் அடியிலிருந்து எழுந்து வந்து நிற்கும்.

காம்பவுண்டும் சுழலும் பஃபிங் மெஷினும் வரும்போது நடப்பது என்ன என்பதில் முந்நூறு வருடச் சர்ச்சை இருக்கிறது. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், மெருகு என்பது பெரிய கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களாக்குவதே என்ற கருத்தைச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி வேறொன்று சொன்னார்: தேய்க்கும்போது மேற்பரப்பு ஒரு மெல்லிய திரவம்போல் இளகி ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது. 1937இல் பவுடனும் ஹியூஸும் செய்த சோதனைகள் இதற்கு வலு சேர்த்தன. மெருகேற்றும் பொருள் எவ்வளவு கடினமானது என்பதைவிட அதன் உருகுநிலை எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம் என்று அவர்கள் கண்டார்கள். இன்றைக்கு, பொருளுக்குப் பொருள் இந்த இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்து நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இது அழகான விஷயமாகத் தோன்றுகிறது. மனிதன் கல்லைத் தேய்த்து மின்ன வைக்கத் தொடங்கி ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. கைக்கு என்றோ தெரிந்துவிட்ட ஒன்றை அறிவு இவ்வளவு தாமதமாகத்தான் எட்டிப் பிடித்திருக்கிறது.

படகில் ஒன்றை மறக்கக் கூடாது. பாலியெஸ்டர் நூறு டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பரப்பு வெந்துபோகும். வெயிலில் நின்று வேலை செய்தால் காம்பவுண்ட் காய்ந்து கட்டியாகும். நிழலில், காலை வேளையில், கையளவு கையளவு இடமாகச் செய்வதுதான் முறை. விளிம்புகளிலும் மூலைகளிலும் ஜெல்கோட் பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். அங்கே மெஷினே வேண்டாம். கையால் தேய்த்தால் போதும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் அந்த அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு மெருகேற்றலும் அதிலிருந்து எடுக்கிற செலவு. உப்புத்தாள் பிடித்து ஒரு முழுச் சுற்று வேலை செய்தால் சில பத்து மைக்ரோமீட்டர் தோல் போய்விடும். திரும்ப வைப்பதற்கு வழி கிடையாது. வருடந்தோறும் ஆசை ஆசையாகத் தேய்க்கப்படும் படகு, தேய்க்கப்படாத படகைவிடச் சீக்கிரம் தன் தோலை இழந்துவிடும். ஜெல்கோட்டுக்குக் கீழே கண்ணாடி இழையின் பின்னல் நிழலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் மெருகு என்ற பேச்சுக்கே இடமில்லை. புது ஜெல்கோட் பூச வேண்டும், அல்லது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட் அடிக்க வேண்டும். முதலில் சொன்ன தண்ணீர்ச் சோதனையின் பயன் இங்கேதான். நனைத்த இடம் நன்றாக மின்னினால் தேய்க்கலாம். நனைத்தும் திட்டுத் திட்டாகவே தெரிந்தால் தேய்க்க அங்கே தோல் மிச்சமில்லை.

மெருகேற்றிய பிறகு பூசும் மெழுகு பளபளப்பைத் தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது தருவது கொஞ்சமே; மீந்திருக்கும் நுண்ணிய பள்ளங்களை, தண்ணீர் நிரப்பியதுபோல, இன்னும் சற்று நீண்ட காலத்துக்கு நிரப்பி வைக்கிறது. மிகவும் பேர்போன கார்னோபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையில் படிவது. அந்த மரம் வறண்ட காற்றிலிருந்து தன் ஈரத்தைக் காப்பதற்காகச் சுரப்பது அது. உருகுநிலை 82 டிகிரிக்கு மேல் என்பதால் நம் வெயிலில் வழிந்து ஓடாது. ஆனால் சில மாதங்களில் போய்விடும்; திரும்பப் பூச வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. தேய்மானம் மெழுகின் கணக்கில் போகும்வரை தோல் தப்பிக்கிறது. சிலிகோன் எண்ணெய் கலந்த பாலிஷ்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பின்னால் பெயின்ட் அடிக்கப் போனால் அந்த எண்ணெய் இருந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிக்கொள்ளும்.

படகு மின்னினால் வேகமாகப் போகுமா? பாய்மரப் பந்தயக்காரர்கள் இதைப் பேசிச் சலித்ததில்லை. தமிழ்நாட்டு வீரர் விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றாரே, அந்த ஐ.எல்.சி.ஏ. 7 வகைப் படகு சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைப் படகுதான். அந்த வகையின் விதிகள் உடலை மெழுகு போட்டு மெருகேற்ற அனுமதிக்கின்றன. 400ஐவிட முரடான தாளால் தேய்க்கத் தடை விதிக்கின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் சுவையானது. ஓடும் படகை ஒட்டி, அதனோடு சேர்ந்தே நகரும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்துக்குள் மூழ்கிவிடும் மேடுபள்ளம் நீரோட்டத்துக்குத் தெரியவே தெரியாது. விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் அந்த வரம்பு ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர். 400ஆம் எண் தாளின் துகளே 35 மைக்ரோமீட்டர்தான்; அது போடும் கீறல் அதைவிட ஆழம் குறைந்தது. ஒளி 70 நானோமீட்டருக்கு மேல் பொறுக்காது. தண்ணீரோ 40,000 நானோமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். ஒளியைவிடத் தண்ணீர் ஐந்நூறு மடங்கு பெருந்தன்மை கொண்டது. கண்ணாடிபோல் மின்னும் படகும், மங்கலாக ஆனால் சீராகத் தேய்த்த படகும் அந்த வேகத்தில் ஒன்றுதான். தண்ணீரை முத்து முத்தாக உருள வைக்கும் மெழுகும் வேகத்துக்கு உதவாது. நீருக்குள் மூழ்கியிருக்கும் பரப்பில் முத்து உருள இடமேது? அடியில் ஒட்டும் பாசியும் கொட்டலசும்தான் வேகத்தைத் தின்பவை.

அப்படியானால் அழகுக்கு மட்டும்தானா இவ்வளவும் என்று கேட்டால், தமிழ்க் கடற்கரையைத்தான் காட்டுவேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களும் மர வள்ளங்களும் போன இடத்தில் பைபர் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. மரம் உளுக்கும், இது உளுக்காது. பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சும் கூடவே வந்தது. கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டவிழ்த்து உலர்த்தத் தெரிந்தவர்களிடம், வெயிலில் கிடந்தால் இதுவும் சாகும் என்று சொல்லியிருக்க வேண்டும். மேல்பக்கத்தை வெயில் பொடியாக்க, அடிப்பக்கத்தைக் கடற்கரை மணல் ஒவ்வொரு இழுவையிலும் உப்புத்தாளைவிட மோசமாக அறுக்கிறது. தோல் போன இடத்தில் ரெசின் தண்ணீர் குடிக்கும், அடுக்குகள் பிரியும், படகு கனக்கும்.

அதன் பிறகு வருவதுதான் பெரிய சிக்கல். கட்டுமரம் இற்றுப்போனால் அடுப்பெரிக்கலாம், மண்ணோடு மண்ணாகலாம். பாலியெஸ்டர் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது. உடைந்த பைபர் படகுகள் கரையில் அப்படியே கிடக்கும். எரித்தால் நச்சுப்புகை, விட்டுவிட்டால் இழை இழையாக உதிரும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்தில் சிப்பிகளுக்குள்ளும் மட்டிகளுக்குள்ளும் கண்ணாடி இழைத் துணுக்குகளைக் கண்டதாக 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பழுதுபார்க்கையில் கிளம்பும் தூசியும் அதற்கு ஒரு காரணம். அல்சூர் ஏரிக்கரையிலும் நாகப்பட்டினம் கடற்கரையிலும் படகைத் தேய்ப்பவர்கள் ஈரத்தாளால் தேய்ப்பதும், முகத்தில் கவசம் போடுவதும், கழுவிய வெள்ளைத் தண்ணீரை ஏரியிலோ கடலிலோ விடாமல் துணியில் ஒற்றி எடுப்பதும் கட்டாயம் என்றே சொல்வேன். ஒரு படகின் ஆயுளைப் பத்து வருடம் நீட்டினால், பத்து வருடத்துக்கு அந்தக் குப்பை உருவாகவில்லை.

நீட்டுவதற்கு மிக மலிவான வழி மெஷினிலும் மெழுகிலும் இல்லை. அறுக்கும் கதிர் விழாவிட்டால் கட்டு அறுபடாது, அவ்வளவுதான். கடலோர ஊர்களில் தென்னங்கீற்று கிடைக்கும், ஊருக்குள் தார்ப்பாய் கிடைக்கும். பாயைப் படகின் மேல் ஒட்டப் போடாமல், நாலு கம்பு நட்டு, காற்றுப் போக இடம் விட்டுக் கட்ட வேண்டும். ஒட்டிக்கிடந்தால் அடியில் ஈரம் தங்கி, வெயில் செய்ய விட்டதை அது செய்து முடித்துவிடும்.